மின்சாரக் கம்பியும் குடிகளின் உரிமையும்

உயர் அழுத்த மின்சாரக் கம்பி தங்கள் தலைக்கு மேல் செல்லலாகாதென்று ஓர் ஊரார் முறையிட்டால், அவர்களை நாட்டின் முன்னேற்றத்துக்கு விரோதிகளென்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. இது சிறிதும் நியாயமன்று. விளக்கு வேண்டாமென்று எந்தக் கிராமவாசியும் சொல்லவில்லை. தன் நிலத்தின் மீதும் தன் வீட்டின் அருகிலும் பாதை வகுக்குமுன் தன்னையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றே அவன் சொல்லுகிறான். இராமநாதபுரம் ஜில்லாவின் கடற்கரை ஜனங்கள் இவ்விஷயத்தை இப்பொழுதே ஆலோசிக்க வேண்டியது அவசியம்.

வானம் பார்த்த பூமியென்று பெயரெடுத்த இந்த ஜில்லா, இன்று பிறருக்கு வெளிச்சம் கொடுக்கும் பூமியாகியிருக்கிறது. கமுதிக்கருகே சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சக்தியுள்ள சூரிய மின்நிலையம் 2016-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அங்கு உண்டாகும் மின்சாரம் 400 கிலோவோல்ட் உபநிலையத்தின் வழியே வெளியூர்களுக்குப் போகிறது. இது போதாதென்று, 2025 ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பு நகரில் இந்தியாவும் இலங்கையும் மின்சாரத்தைப் பரிமாறிக்கொள்வதற்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதற்கு மறுநாள்தான் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. இவ்விரு நாடுகளையும் இணைக்கும் பாதை மதுரையிலிருந்து புறப்பட்டு, இராமநாதபுரக் கரையை அடைந்து, கடலுக்கடியில் கேபிளாக மன்னார்ப் பக்கம் செல்லும் விதமாகவே ஆலோசிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதாவது, மீன்களுக்குக் கீழே மண்ணில் மறைந்து செல்லப்போகும் மின்சாரம், மனிதர்களுக்கு மேலே கோபுரமேறிச் செல்லும்!

இந்த யோசனை கெட்டதென்று நாம் சொல்லவில்லை. அண்டை நாட்டுடன் வெளிச்சத்தைப் பகிர்ந்துகொள்வது சிலாக்கியமான காரியமே. ஆனால் கோபுரத்துக்குக் குழி தோண்டும் அதிகாரம் எங்கிருந்து வருகிறதென்பதை ஜனங்கள் அறிந்திருத்தல் வேண்டும். அது 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்திலிருந்து வருகிறது. பம்பாயில் காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடிய அதே வருஷத்தில், அன்னிய சர்க்கார் தங்கள் தந்திக் கம்பியை நாடெங்கும் இழுப்பதற்காகச் செய்துகொண்ட சட்டம் அது. அதன் 10-வது பிரிவின்படி எவருடைய நிலத்திலும் கம்பம் நடலாம்; எவருடைய நிலத்துக்கு மேலும் கம்பி இழுக்கலாம். நிலம் சொந்தக்காரனுடையதாகவே இருக்கும். உபயோகம் மட்டும் சர்க்காருடையதாகும். அவன் தடுத்தால், 16-வது பிரிவின்படி ஜில்லா மாஜிஸ்திரேட் உத்தரவிட்டு வேலையை நடத்தலாம். இதிலே ஒரு விசித்திரம் உண்டு. ஸ்தல ஸ்தாபனத்தின் சொத்தாயிருந்தால் அந்த ஸ்தாபனத்தின் அனுமதி வேண்டும். ஏழைக் குடியானவனின் சொத்தாயிருந்தால் அவன் அனுமதி வேண்டியதில்லை!

தந்திக் கம்பம் ஒரு சாண் பருமன். அதற்கென்று செய்த சட்டத்தை மின்சாரக் கோபுரத்துக்கும் பொருத்த 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு இடங்கொடுத்தது. இவ்வாறு அதிகாரம் பெற்றவர்கள் நிலச் சொந்தக்காரரின் சம்மதத்தைப் பெற வேண்டியதில்லையென்று சுப்ரீம் கோர்ட்டும் 2016-ல் தீர்ப்பளித்தது. பிறகு 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தைத் தள்ளிவைத்தபோதும், மின்பாதைகளின் பொருட்டு இப்பகுதியை மட்டும் விடாமல் காப்பாற்றிக்கொண்டது. தந்தி போய்விட்டது, தந்திக்காரனின் அதிகாரம் போகவில்லை. சுதந்திர நாட்டுக்கு இது அழகாகுமா?

குடியானவனுக்கு நேரும் நஷ்டம் அற்பமென்று எண்ண வேண்டாம். 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் ஒதுக்குவது வழக்கம். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டால் சற்றேறக்குறைய 11 ஏக்கர் ஆகிறது. அப்பரப்பில் வீடு கட்டலாகாது. உயர்ந்த மரம் வளர்க்கலாகாது. பனையையும் தென்னையையும் நம்பிப் பிழைக்கும் இச்சீமையில் இதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டுமோ? பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ல் அறிவித்தார்கள். அதே பனை, கம்பியின் கீழே தலைநிமிர்ந்து நிற்க வழியில்லை. பட்டா சொந்தக்காரன் பெயரிலிருக்கும், வாங்குவார்தான் இருக்கமாட்டார்.

இவ்விதக் கஷ்டத்தைக் கொங்கு நாட்டார் முன்னமே அனுபவித்தார்கள். சத்தீஸ்கரிலுள்ள ராய்கரிலிருந்து புகளூர் வரையில் 800 கிலோவோல்ட் பாதை போடப்பட்டபோது, திருப்பூர், ஈரோடு, கோயம்புத்தூர், நாமக்கல் முதலிய ஜில்லாக்களின் விவசாயிகள் 2018 டிசம்பரில் பல இடங்களில் உண்ணாவிரதமிருந்தார்கள். பெருஞ்சாலைகளின் ஓரமாகப் பூமிக்கடியில் கம்பியைக் கொண்டுபோங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கை. அது சாத்தியமில்லையென்று பதில் வந்தது. ஆனால் அதே புகளூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்குச் செல்லும் 320 கிலோவோல்ட் பாதையின் சரித்திரத்தைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்ட இப்பாதை தமிழ்நாட்டில் கோபுரங்களின் மேல் செல்லுகிறது. கேரளத்திலோ, ஜன நெருக்கமுள்ள சுமார் 27 கிலோமீட்டர் தூரம் பூமிக்கடியில் செல்லுகிறது. மின்சாரம் ஒன்றே, ஒரே பாதை, எல்லையைத் தாண்டியவுடன் வழி பிறந்துவிட்டது!

800 கிலோவோல்ட்டும் 320 கிலோவோல்ட்டும் ஒன்றல்லவென்பது உண்மை. பூமிக்கடியில் கேபிள் பதித்தால் செலவு பன்மடங்காகுமென்பதும், பழுது பார்ப்பது கஷ்டமென்பதும் உண்மையே. எல்லாக் கம்பியையும் எங்கும் புதைக்க வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. கம்பியருகே வசிப்பவர்களுக்கெல்லாம் நோய் வருமென்று பயமுறுத்துவதும் தகாது. காந்தப் புலத்தைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2002-ல் சொன்னது, தீங்கு இருக்கக்கூடும் என்ற அளவேயன்றி, நிச்சயமென்பதன்று. ஆனால் செலவு என்னும் சொல்லைச் சற்றே ஆராய வேண்டும். கோபுரத்தின் மேல் கொண்டுபோனால் மிச்சமாகும் பணம் எங்கிருந்து மிச்சமாகிறது? அதில் ஒரு பங்கு குடியானவனின் நிலமதிப்பிலிருந்து எடுத்ததே. கணக்கில் எழுதாத செலவு செலவில்லையென்று ஆகிவிடாது.

மேலும் இது புயல் வீசும் கரை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை இச்சீமையார் மறந்தவர்களல்லர். 2018 நவம்பரில் கஜா புயல் வடக்கே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கடலோரத்தில் உப்புக் காற்று பீங்கான்களின் மேல் படிந்து மின்சாரம் தாவிப்போகும்படி செய்வதும் இஞ்சினீயர்கள் அறிந்ததே. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய கண்மாய்களுக்கு ஆண்டுதோறும் பறவைகள் வருகின்றன. இவை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. எந்த வழியே கம்பி போகலாம், எந்த வழியே போகலாகாதென்பதை இவற்றையெல்லாம் நேரில் அறிந்த ஊராரைக் கேளாமல் சென்னையிலும் டில்லியிலும் உட்கார்ந்து தீர்மானிப்பது புத்திசாலித்தனமாகாது. ஆனால் 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் மின்பாதைகள் சேரவில்லை. ஆகவே பொதுவிசாரணை நடத்தும் கட்டாயமே இல்லை.

நஷ்ட ஈட்டு விஷயத்தில் சிறிது முன்னேற்றம் உண்டு. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதமும், கம்பியின் கீழுள்ள நிலத்துக்கு 15 சதவீதம் வரையிலுமென்று மத்திய சர்க்கார் 2015-ல் வகுத்திருந்தார்கள். 2024 ஜூனில் அவற்றை முறையே 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இது வழிகாட்டும் குறிப்பேயன்றிச் சட்டமன்று. பணம் கூடியதேயொழிய, கேட்கும் மரியாதை இன்னும் வரவில்லை.

ஆகவே நாம் கோருவது இதுதான். கோட்டை வரைபடத்தில் இழுக்குமுன் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைத் தமிழில் அச்சிட்டு, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கிராம சபையின் முன்பும் வைக்க வேண்டும். புறம்போக்கும் சாலையோரமும் இருக்கும் இடத்தில் பட்டா நிலத்தைத் தொடலாகாது. ஊர் நத்தத்தையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு விலக முடியாத இடத்தில் கேபிளைப் பூமிக்கடியில் பதிக்க வேண்டும். கம்பி இருக்குமளவும் நிலத்துக்கு வருஷாந்தர வாடகை கொடுக்க வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகே கடப்பாரை மண்ணைத் தொட வேண்டும். 1885-ம் வருஷத்துப் பிரிவுகளுக்குப் பதிலாக, குடிகளைக் கேட்டு நடக்கும் ஒரு புதுச் சட்டத்தைப் பார்லிமெண்ட் இயற்ற வேண்டும்.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. கோபுரம் எழும்பிய பிறகு கூடி அழுவதில் பயனில்லை. பாதை இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். அமைதியாகவும் உறுதியாகவும் கேட்பவர்களை எந்த சர்க்காரும் நெடுநாள் அலட்சியம் செய்துவிட முடியாது. கடலுக்கடியில் வழி கண்டுபிடிக்கும் சாமர்த்தியசாலிகளுக்கு, ஊருக்கு ஓரமாய் ஒரு வழி அகப்படாமற் போகாது.