இருக்கையும் ஒரு கருவியே

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் இயந்திரத்தின் ஊசியும் நூலும் நாள்தோறும் சரிபார்க்கப்படுகின்றன. அதன்முன் அமரும் தையற்காரருக்கோ, நெட்டையரானாலும் குட்டையரானாலும், சாய்மானமற்ற ஒரே ஸ்டூல்தான். பீஸ் ரேட்டில் உழைப்பவர் எழுந்து முதுகை நிமிர்த்தினால் அன்றைய கூலி குறையும். ஆதலின் வலியைப் பொறுத்தே தைக்கிறார். இதனை விதி என்பாரை யாம் ஒப்போம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று உழைப்போர் இளைப்பாற இருக்கை வேண்டுமென்றது. அவ்விருக்கையின் அளவை வகுத்துரைக்கவில்லை.

ஆளுக்கேற்ப வேலையை அமைக்கும் இயலை எர்கனாமிக்ஸ் என்பர். படித்த பொறியாளர்க்கே உரியதன்று அது. போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலை முளைகளில் மாறிமாறிச் சுற்றும் ‘ஆசு’ வேலையால் தாயார் தோள் நோவுற்றதைக் கண்ட சிந்தகிந்தி மல்லேசம், 1999இல் அதற்கோர் இயந்திரம் சமைத்தார். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட நெசவாளர் அவர். 2017இல் பத்மஸ்ரீ பெற்றார்.

நம் சங்கங்கள் தையல் இயந்திரத்திற்குக் கடன் வழங்குங்கால், உயரம் மாற்றத்தக்க சாய்மான நாற்காலியின் விலையையும் அம்மனுவிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். வாங்குமுன், நாள் முழுதும் அதில் அமரப்போகும் பெண்ணையே அமர்த்திப் பார்க்கட்டும். மேலாளர் அமர்ந்து பார்ப்பதால் பயனில்லை.