சரிகை காணாமல் போனால் யார் திருடன்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பிளஸ் டூ முடித்தவள், மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "சித்தப்பா, தத்துவமும் குற்றவியலும் சேத்துப் படிக்க முடியுமா? எங்கனா இருக்குதா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்ததற்கு வெட்கப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் சும்மா கேட்கவில்லை. அவளுடைய அண்ணன் ஆரணியில் கூலித்தறி நெய்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் நெய்த இடத்தில் சரிகை காணோம் என்றார்கள். அங்கே ஓடியது ஏழு தறி. மற்ற ஆறு பேரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து போனவன் இவன் ஒருத்தன்தான். இவனை மட்டும் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய் இரண்டு ராத்திரி உட்கார வைத்தார்கள். வழக்கும் இல்லை, காகிதமும் இல்லை. மூன்றாம் நாள் சரிகை தறி முதலாளியின் வீட்டு பீரோவிலேயே கிடைத்தது. "சரி, போடா" என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அப்புறம் தறிக்குழியில் காலை வைக்கவே இல்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் பொங்கலுக்குத்தான் வருகிறான்.

தங்கச்சிக்கு அன்றிலிருந்து இரண்டு கேள்வி. "எத வச்சு எங்கண்ணன்தான்னு முடிவு பண்ணாங்க? இல்லன்னு தெரிஞ்ச பிறகு மன்னிப்பு யாரு கேக்கணும்?"

முதல் கேள்வி அறிவு எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றியது. இரண்டாவது கேள்வி அறம் பற்றியது. இரண்டும் பிறந்த இடம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்ச். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. கைது எப்படி இருக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வரிசையாக விதி போட்டது. இதெல்லாம் குற்றவியல் பாடத்தில் வரும். ஆனால் ஏழு பேரில் ஒருத்தனைப் பார்த்ததும் 'இவன்தான்' என்று தோன்றுகிறதே, அந்தத் தோற்றம் எங்கிருந்து வருகிறது என்பது அந்தப் பாடத்தில் வருமா?

நம் ஊரில் குற்றவியல் என்றால் போலீஸ் வேலைக்கான படிப்பு. சில இடங்களில் 'போலீஸ் நிர்வாகம்' என்ற வாலும் சேர்ந்தே வருகிறது. தத்துவம் என்றால் மடத்துக்காரர் சமாச்சாரம், ஆத்மா, பிரம்மம், சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணைப் பேச்சு. ஒன்று லட்டியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கிறது. இன்னொன்று லட்டி மாயை என்கிறது. அடி விழுகிற முதுகு மட்டும் நம்முடையது!

இந்த இரண்டும் என்றைக்குமே பிரிந்து இருந்ததில்லை என்பதுதான் உண்மை. மனு என்ன எழுதினான்? ஒரே குற்றத்துக்குச் சாதிக்குச் சாதி வேறு தண்டனை. அது குற்றவியலா தத்துவமா? பிறப்பைப் பற்றிய ஒரு தத்துவம் தண்டனைப் பட்டியலாக இறங்கி வந்தது, அவ்வளவுதான். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் வந்தது. மெக்காலே தலைமையில் 1837இல் அதன் வரைவு முடிந்தபோது அதன் பின்னால் நின்றது ஜெரமி பெந்தாம் என்ற தத்துவக்காரரின் சிந்தனை. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இடையில், 1876இல், இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற டாக்டர் மண்டை ஓட்டையும் தாடையையும் அளந்து, பிறவிக் குற்றவாளி என்று ஒரு இனம் உண்டு என்று புத்தகம் போட்டார். இன்றைக்கும் குற்றவியல் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் முன்பக்கங்களிலேயே வரும். மனு தெரியாத பிள்ளை அதைப் பழைய ஐரோப்பியத் தப்பு என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கும். தெரிந்த பிள்ளை, 'இது எங்க ஊர்ச் சரக்காச்சே' என்று எழுந்து நிற்கும். எனக்கு அந்த இரண்டாவது பிள்ளை வேண்டும்.

வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25, ஒரே குடிசைக்குள் 44 உயிர். கீழ்க் கோர்ட் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. எழுபதுகளில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. பெரும் நிலமுள்ள பணக்காரர்கள், ஆட்களை அனுப்பாமல் தாங்களே நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக் கஷ்டமாக இருக்கிறது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. 'நம்பக் கஷ்டம்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் சொன்னால் நம்பலாம், யார் செய்திருப்பார் என்று நம்பலாம் என்பதைச் சட்டப் புத்தகம் தீர்மானிக்கவில்லை. நீதிபதியின் மனசுக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு தத்துவம் தீர்மானித்தது. காரில் போகிறவன் கொளுத்தமாட்டான், கூலிக்காரன் சரிகை திருடுவான். அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பும் எங்கள் ஆரணி ஸ்டேஷன் பெஞ்சும் ஒரே பாவில் நெய்த துணி.

ஒருவரின் சாட்சியத்தை அவர் யார் என்பதற்காகவே குறைத்து மதிப்பதை அநீதியின் ஒரு தனி வகை என்று மிராண்டா ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 2007இல் ஒரு புத்தகம் எழுதினார். நமக்கு இது புதுசா? நம் ஆயா காலத்திலிருந்து பட்டது. ஆனால் பட்டதற்குப் பெயர் வைக்கத் தெரிந்தால்தான் கோர்ட்டில் வாதமாக வைக்க முடியும். பெயர் வைக்கிற வேலைக்குப் பெயர்தான் தத்துவம்.

இதற்காக இங்கிலாந்து போக வேண்டியதும் இல்லை. நம்மிடம் மணிமேகலை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அட்சய பாத்திரத்தோடு நிறுத்திவிட்டார்கள். 19ஆம் காதையில் அவள் சோழனிடம் கேட்பது பொன்னா, பூமியா? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்று என்கிறாள், மாற்றியும் காட்டுகிறாள். அதே மணிமேகலையை, இளவரசன் கொலையான பிறகு, அந்த அரண்மனையே 22ஆம் காதையில் சிறை வைக்கிறது. அப்புறம் அவள் வஞ்சிக்குப் போய் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் அவரவர் தத்துவத்தைக் கேட்கிறாள். கடைசியில் காஞ்சியில், எங்கள் ஆரணியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், அறவண அடிகளிடம் அளவை கற்கிறாள். எது சரியான காரணம், எது ஏதுப் போலி என்று அங்கே வரிசையாகப் பாடம் நடக்கிறது. 'அவன் அந்தத் தறியில் இருந்தான், ஆகவே அவன்தான் எடுத்தான்' என்பது என்ன வகைப் போலி என்று அந்தப் பெண்ணால் சொல்லிவிட முடியும். சிறையும் தத்துவமும் ஒரே பெண்ணின் படிப்பாக இருந்த பௌத்தக் காவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சிரித்தேன் பாருங்கள்.

சிறை அறக்கோட்டம் ஆகிவிட்டதா? 2022இன் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் சுமார் 76 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே ஆகாதவர்கள். உள்ளே கக்கூஸ் கழுவ ஒரு சாதி, சமையலுக்கு ஒரு சாதி என்று சிறை விதிகளிலேயே எழுதி வைத்திருந்ததைப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா வழக்குப் போட்டு வெளிக்கொண்டுவந்தார். 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சுதந்திரம் வந்து 77 வருஷம் அந்த விதிப் புத்தகங்களை எத்தனை படித்த அதிகாரிகள் புரட்டியிருப்பார்கள்! பிரிவு எண் தெரிந்தவர்கள்தான். கேள்வி தெரியாதவர்கள்.

நான் வங்கிக் கிளார்க். கடன் என்ற சொல்லோடு தினமும் எட்டு மணி நேரம் குடித்தனம். தறிக்கார முன்பணம் பற்றி ஊரில் எல்லோரும் சொல்வது, 'அவனா விரும்பித்தானே வாங்கினான்?' 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் 15ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவன். பாரத்தை அப்படியே தலைமாற்றி வைத்த சட்டம் அது. 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் ஒருபடி மேலே போனார். பசி துரத்தி ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்றார். விருப்பம் என்றால் என்ன, கட்டாயம் என்றால் என்ன என்று யோசித்த ஒரு மனிதர் இல்லாமல் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் ஜான் டூயியின் தத்துவ வகுப்பில் உட்கார்ந்தவர், லண்டன் கிரேஸ் இன்னில் சட்டம் படித்தவர். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால்தான் தீண்டாமை பாவம் என்று பேசிக்கொண்டிருந்த நாட்டில் அது குற்றம் என்று 17ஆம் பிரிவு வந்தது.

"அதெல்லாம் சரிப்பா, சோறு போடுமா?" என்று அவள் அப்பா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். முதல் தலைமுறைக்குத் தோற்க இடம் கிடையாது. நான் பி.காம். படித்ததும் அந்தப் பயத்தில்தான். கவிதையை ராத்திரிக்கு ஒதுக்கிவிட்டேன். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கிளார்க் பரீட்சைக்கு எந்தப் பட்டமானாலும் போதும். குரூப் டூவுக்கும் அப்படித்தான், எஸ்.ஐ. தேர்வுக்கும் அப்படித்தான், மூன்று வருஷ வக்கீல் படிப்புக்கும் அப்படித்தான். தத்துவப் பட்டம் இதில் ஒரு கதவையும் சாத்தாது. கம்ப்யூட்டர், காமர்ஸ் என்று நம்மைத் துரத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இரண்டையும் ஒரே பட்டமாக வைத்திருக்கிற கல்லூரி பக்கத்தில் இல்லை. ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022இல் சொல்லிவிட்டது. ஒன்றைக் கல்லூரியிலும் இன்னொன்றைத் தொலைநிலையிலும் படிக்கலாம். சேருகிற பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்று முதலில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தத்துவம் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இருக்கிறது, விவேகானந்தாவில் இருக்கிறது. அந்த பெஞ்சுகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்காமல், தத்துவம் பார்ப்பனியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அது அவர்களுடையதாகவே இருந்துவிட்டுப் போகும்.

அவளுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தேன். விருப்பப் பாடம் என்ற கட்டத்தில் அவளே 'தத்துவம்' என்று எழுதினாள். குற்றவியலைத் தபாலில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவள் அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இன்று ராத்திரி மறுபடியும் அவர் வீட்டுக்குப் போகிறேன். உங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை இந்த மாதிரி கேட்டுக்கொண்டு வந்தால், தயவு செய்து, சிரிக்காதீர்கள்.