பேகன் போர்வையும் பறவைத் தட்டும்

மயில் குளிரால் நடுங்குவதாகக் கருதிப் பேகன் போர்வை ஈந்தான் என்பது சங்க இலக்கியம் போற்றும் செய்தியாகும். மயிலுக்குப் போர்வை பயன்படுமா என்று அவன் எண்ணவில்லை. அதுவே அக்கொடையின் பெருமை என்பர் சான்றோர். எனினும் பறவைக்கு ஈவோர்க்கு அருள் ஒன்று மட்டும் போதுமா? இதுவே நாம் எழுப்ப விரும்பும் வினா.

பிரிட்டன் நாட்டு மக்கள் பனிக்காலத்தில் தம் தோட்டங்களில் நிலக்கடலையும் சூரியகாந்தி விதையும் பறவைகளுக்கென வைக்கின்றனர். டிசம்பர்த் திங்களில் அங்குப் பகற்பொழுது ஏறத்தாழ 8 மணி நேரமே. 20 கிராம் எடைகூட இல்லாத பட்டாணிக்குருவி, நெடிய குளிரிரவைக் கடப்பதற்கு வேண்டிய கொழுப்பை அக்குறுகிய பகலுக்குள் ஈட்டியாக வேண்டும். அதற்கு ஒரு பிடி விதையும் உயிர்க்கொடையே.

மரத்தில் புதிதாகத் தொங்கவிடப்பட்ட கூண்டில் உணவுண்டு என்பதை அச்சிற்றுயிர் எவ்வாறு அறிகிறது? ஆக்ஸ்போர்டு நகரை அடுத்த வைத்தம் காட்டில் ஆய்வாளர்கள் பறவைகளின் காலில் நுண்ணிய மின்னணு வில்லைகளைப் பொருத்தி ஆராய்ந்தனர். கூட்டாளிகள் மிகுதியாக உள்ள பறவையே புதிய உணவிடத்தைக் கண்டடையும் வாய்ப்பு மிகுதி என்பது 2012-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு. பறவைகள் கூட்டமாகத் திரிகின்றன; ஒன்று உண்பதை மற்றொன்று காண்கிறது; ஒன்றன் அறிவு பலவற்றின் வாழ்வாகிறது.

ஆனால், செய்தி பரவும் வழியிலேயே நோயும் பரவுகிறது. காட்டில் சிதறிக் கிடக்கும் இரையைத் தேடியுண்ட பறவைகள், தோட்டத்தில் ஒரே தட்டில் அலகு வைக்கின்றன. நோயுற்ற பறவையின் எச்சில் பட்ட விதையும் நீரும் பிற பறவைகளுக்கு நஞ்சாகின்றன. கிரீன்ஃபிஞ்ச் என்னும் பச்சைநிறச் சிட்டுக்குத் தொண்டையை அடைக்கும் டிரைக்கோமோனோசிஸ் நோய் 2005 முதல் அங்குப் பரவிற்று. அவ்வினம் பெரிதும் அருகி, 2021-இல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது. அன்புடன் வைத்த தட்டே அழிவுக்குத் துணைபோன கொடுமையை என்னென்பது!

ஆதலின் ஈகையை நிறுத்துக என்பார் உளர். நாம் அவ்வாறு கூறோம். தட்டைக் கழுவாத கையைத்தான் கடிகிறோம். வாரந்தோறும் தட்டைத் தூய்மை செய்தல், இடத்தை மாற்றுதல், உண்டு தீருமளவே இடுதல், நோயுற்ற பறவையைக் கண்டால் சில காலம் உணவிடாதிருத்தல் ஆகிய இவையும் கொடையின் பகுதிகளே. கோடையில் மொட்டைமாடியில் நீர்க்கிண்ணம் வைக்கும் நமக்கும் இது பொருந்தும்.

நட்ட மரத்தின் கனியைப் பறவை உண்பதும் நட்டவர்க்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. தூய்மையை ஈமானோடு இணைத்துப் போற்றியதும் அந்நெறியே. இரண்டையும் பிரித்தல் தகாது. பேகனின் நெஞ்சு நமக்கு வேண்டும். பெறும் உயிரின் இயல்பறியும் அறிவும் உடன் வேண்டும். அறிவோடு கூடிய அருளே அறமாகும்.