ஃபேனுக்கு எத்தனை இறக்கை? தணக்கு விதையைக் கேளுங்கள்!

சீலிங் ஃபேன் என்றால் மூன்று இறக்கை. எல்லோரும் பார்த்துப் பழகியது அதுதான். ஆனால் இன்றைக்கு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனால் நான்கு இறக்கை, ஐந்து இறக்கை, மர நிறம், நடுவில் விளக்கு என்று விதவிதமாகத் தொங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் ஒரே ஒரு இறக்கையோடு கூட ஒரு ஃபேன் செய்தார்கள். பெயர் சிக்காமோர். அது மேப்பிள் இனத்து மரம் ஒன்றின் பெயர். அதன் விதைக்கு ஒற்றைச் சிறகு. மரத்திலிருந்து கழன்றதும் சுற்றிக்கொண்டே மெதுவாக இறங்கும்.

அந்த மரம் இங்கே இல்லை. ஆனால் சுற்றும் விதைகளுக்குத் தருமபுரி மாவட்டத்தில் பஞ்சமே இல்லை! பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்து வறண்ட காடுகளில் தணக்கு மரம் உண்டு. காயின் தலையில் முயல் காது மாதிரி இரண்டு நீளச் சிறகுகள். விழும்போது ஹெலிகாப்டர் மாதிரி சுற்றும். அதன் தாவரவியல் பெயரான ஜைரோகார்ப்பஸ் என்பதற்கு அர்த்தமே 'சுழலும் கனி' தான். தீக்குச்சிக்காக வளர்க்கும் பெருமரத்தின் விதை இன்னொரு வகை. நடுவில் விதை, இரண்டு பக்கமும் லேசாக முறுக்கிய சிறகு. அது தன்னைத்தானே உருட்டிக்கொண்டு இறங்கும்.

எதற்காக இந்தச் சுற்றல்? எவ்வளவு மெதுவாக இறங்குகிறதோ, அவ்வளவு தூரம் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். தாய் மரத்தின் நிழலிலேயே விழுந்தால் கன்று பிழைப்பது கஷ்டம். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. தன் எடையை மட்டும் வைத்துக்கொண்டு விதை இதைச் சாதிக்கிறது.

2009ல் சயன்ஸ் இதழில் இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சி வந்தது. மேப்பிள் விதையின் பெரிய மாதிரி ஒன்றை எண்ணெய்த் தொட்டிக்குள் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். சிறகின் முன் விளிம்புக்கு மேலே ஒரு குட்டிச் சூறாவளி உருவாகி, கலையாமல் அங்கேயே நிற்கிறது! அது சிறகின் மேல்பக்க அழுத்தத்தைக் குறைப்பதால் விதைக்குத் தூக்குவிசை கூடுகிறது. பூச்சிகளும் வௌவால்களும் பறக்கும்போது பயன்படுத்துவது இதே வித்தையைத் தான்.

சரி, அப்படியென்றால் விதையை அப்படியே காப்பியடித்து ஃபேன் செய்துவிடலாமா? இங்கே தான் பலரும் ஏமாறுகிறார்கள். விதையின் வேலை, தான் மெதுவாக விழுவது. ஃபேனின் வேலை, காற்றைக் கீழே தள்ளுவது. அந்தக் குட்டிச் சூறாவளி தூக்குவிசையைக் கூட்டும்போது இழுவையையும் சேர்த்தே கூட்டும். விதைக்கு அதனால் நஷ்டமில்லை. ஃபேனில் அந்த இழுவைக்கும் சேர்த்துக் கரண்ட் பில் கட்ட வேண்டும்! ஆகவே ஒற்றை இறக்கை பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அந்த அழகு மட்டும் மின்சாரத்தை மிச்சம் பிடித்துத் தராது.

அதற்காக இறக்கையின் வடிவம் முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. ஃபேன் சுற்றும்போது இறக்கையின் நுனி வேகமாகப் போகிறது, நடுப்பக்கம் மெதுவாகப் போகிறது. முழு நீளத்துக்கும் ஒரே சாய்வில் இருக்கும் தட்டைத் தகடு இரண்டுக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா சூரிய ஆற்றல் மையத்தினர், நடுவில் அகலமாகவும் நுனியில் ஒடுங்கியும் முறுக்கிய இறக்கைகளைச் செய்து, அதே மின்சாரத்தில் கூடுதல் காற்றை எடுத்துக் காட்டினார்கள். விதையிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத் தான். அதன் உருவத்தை அல்ல, இருப்பதை வீணாக்காத கணக்கை.

இந்தக் கணக்கு சாதாரண வீட்டுக்கு ரொம்ப முக்கியம். பழைய ஃபேன் ஒன்றுக்கு சுமார் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 108. 2016ல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். அந்த 100 யூனிட்டை இரண்டு ஃபேன்களே தின்று முடித்துவிடும்! பிஎல்டிசி மோட்டார் வைத்த ஃபேனுக்கு சுமார் 28 வாட் போதும். அதே இரண்டு ஃபேனுக்கு 40 யூனிட் தான். இங்கே லாபம் மோட்டாரில் வந்தது. இறக்கையிலும் இன்னும் கொஞ்சம் எடுக்க முடியும்.

2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். தள்ளும் காற்றை, செலவாகும் வாட்டால் வகுத்துத் தான் அந்த நட்சத்திரம் தருகிறார்கள். "புது டிசைன்" என்று கடைக்காரர் சொன்னால் இறக்கையை எண்ணாதீர்கள், அந்த எண்ணைக் கேளுங்கள்.

இன்னொன்று. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலும் மாவட்டத்தின் மற்ற கல்லூரிகளிலும் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்களே... தணக்குக் காய் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மொட்டை மாடியும் ஒரு ஸ்டாப்வாட்சும் போதும். சிறகை அரை அங்குலம் வெட்டிப் போட்டுப் பாருங்கள், எத்தனை நொடி குறைகிறது என்று. நல்ல ஃபேன் செய்ய ஆரம்பிக்க வேண்டிய இடம் அது தான்.