மரப்பெட்டிக்கு மயங்காதீங்க மக்களே!

வெளிநாட்டுல வேப்பரைசர் மூடியைச் சூடாக்க, கையடக்க இண்டக்‌ஷன் ஹீட்டரைக் கையாலேயே செஞ்சு விக்கிறாங்க. இங்கே மின்சிகரெட்டுக்கே 2019-ல தடை. ஆனா அதே சர்க்யூட் ரிச்சி தெருவுல கிடைக்கும். துருப்பிடிச்ச போல்ட்டு கழட்ட, தெரிஞ்சவர் செஞ்சதை நானும் வாங்கினேன். தேக்குப் பெட்டி, பித்தளை சுவிட்சு, அம்புட்டு அழகு!

திறந்தா ஃபியூஸே இல்லை. லித்தியம் பேட்டரிக்குப் பாதுகாப்பு போர்டும் இல்லை. மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனா பேட்டரி கரண்ட் மொத்தமும் அதுல பாயும். கேட்டா, "ஹேண்ட்மேட் சார்"ங்கறார். அதனால?

நம்ம கும்மிடிப்பூண்டியில பழைய இரும்பை உருக்குற ஃபர்னஸும் இதே தத்துவம்தான். அங்கே செப்புக்குழாய் காயிலுக்குள்ள தண்ணி ஓடிட்டே இருக்கணும். நின்னா கரண்ட்டை நிறுத்தணும். கையளவு பெட்டின்னா மட்டும் காயில் சுடாதா?

வாங்குறதுக்கு முன்னாடி மூடியைத் திறக்கச் சொல்லுங்க. ஃபியூஸ் எங்கே, எத்தனை செகண்டுல தானா அணையும்னு கேளுங்க. முறைச்சா காசை எடுக்காதீங்க. என் பெட்டியில இப்ப ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கேன் :-)