பதினேழு வயதில் ஒரு கையொப்பம்

போன கிழமை பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், அமெரிக்காவில கம்பஸ்ல ஃபுட்போல் விளையாடினா மில்லியன் கணக்கில காசு குடுக்கிறாங்களாம், உண்மையா?" உண்மைதான். மணி அடித்துவிட்டதால் மீதியைச் சொல்ல முடியவில்லை. பிறகு ஸ்டாஃப் ரூமில் நாங்கள் நாலைந்து பேர் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அது நாம் விளையாடும் உதைபந்தாட்டம் அல்ல. ஹெல்மெட் போட்டு, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. நமது ரக்பிக்குத்தான் கிட்ட. பெரிய பல்கலைக்கழகங்களின் மைதானங்களுக்கு ஒரு இலட்சம் பேர் வருவார்கள். வருடத்துக்குப் பத்து மில்லியன் டொலருக்கு மேல் சம்பளம் வாங்கும் பயிற்றுவிப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் விளையாடும் பிள்ளைக்குப் பல காலமாகப் புலமைப்பரிசில், தங்குமிடம், சாப்பாடு, அவ்வளவுதான். அவனுடைய இலக்கம் போட்ட ஜேர்சியைக் கடையில் விற்றாலும் அவனுக்கு ஒரு சதம் இல்லை. இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

2021 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம், கல்வி சார்ந்த சலுகைகளுக்குக்கூட உச்சவரம்பு வைத்த விதியை ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்துத் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து உழைக்கலாம் என்றாகிவிட்டது. அதுவரைக்கும் சந்தோஷம்.

ஆனால் விளம்பரம் என்பது சீக்கிரமே பெயரளவுக்கு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் பணக்கார ரசிகர்கள் கூட்டாக நிதி சேர்த்து, "எங்கள் அணிக்கு வந்தால் இவ்வளவு" என்று பேரம் பேசத் தொடங்கினார்கள். ஜேடன் ரஷாடா என்ற பையனின் கதை இங்கேதான் வருகிறது. புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வந்தால் 13.85 மில்லியன் டொலர் என்று ஒப்பந்தம். நம்பிக் கையொப்பமிட்டான். காசு வரவில்லை. அவன் அரிசோனாவுக்குப் போய், 2024 மே மாதம் அந்தப் பயிற்றுவிப்பாளர் உட்படச் சிலர் மீது வழக்குப் போட்டான்.

இன்னொரு பக்கம் யாரும் அதிகம் பேசாதது. இப்போது வீரர்கள் ஒரு வருடம் ஒதுங்கியிருக்காமலே அணி மாறலாம். ஆகவே பயிற்றுவிப்பாளர், இன்னும் வளராத 17 வயதுப் பையனைக் கூட்டிவந்து மூன்று வருடம் பழக்குவதை விட, வேறு அணியில் தேறிய 22 வயதுக்காரனைக் காசு கொடுத்து எடுக்கிறார். நட்சத்திரப் பையனுக்கு மில்லியன். அவனோடு படித்த நடுத்தரமான பையனுக்கு முன்பு கிடைத்த புலமைப்பரிசிலும் சந்தேகம்.

2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே நேரடியாக வீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 20.5 மில்லியன் டொலர் வரை. நல்லதுதான். காசு கொடுப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. சின்னப் பிள்ளையிடம் கையொப்பம் வாங்கும் பெரியவர்கள் அந்தக் கடதாசிக்குப் பொறுப்பாக நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி.

கேள்வி கேட்ட பிள்ளை நல்ல விளையாட்டுக்காரன். வெளியூர்ப் பாடசாலை ஒன்று அவனை வரச் சொல்லிக் கேட்டிருக்கிறதாம். ஹொஸ்டல் இலவசம், பூட்ஸ் இலவசம். காயம் பட்டால் யார் பார்ப்பார்கள், அணியில் இடம் போனால் ஹொஸ்டலிலும் இடம் போகுமா, ஏ.எல். வரைக்கும் வைத்திருப்பார்களா, இதில் ஒன்றையும் யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை. அவனுடைய வாப்பாவை திங்கட்கிழமை பாடசாலைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.