மாரியில் நடுவோம், கோடையிற் காப்போம்

கல்லூரிக்கு விழா எடுக்கும்போதெல்லாம் நினைவுச் சின்னம் ஒன்றை நிறுவ விரும்புதல் பழைய மாணவர் இயல்பு. இம்முறை தொண்டர் சிலர், மிகுந்த நீர் வேண்டாத நம் நிலத்து மரஞ்செடிகளைக் கொண்டு கல்லூரி வளவில் ஒரு சோலை அமைக்க முன்வந்துள்ளனர். இம்முயற்சி போற்றற்குரியது. ஆயினும், அது நிலைபெறுதற்பொருட்டுச் சில கூறுதல் எம் கடனாகும்.

யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்யினும், அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழிவரை கொட்டித் தீர்ந்துவிடும். அந்நீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடு இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராய்த் தங்குகின்றது. அது கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. எனவே, மேல்மட்டம் சிறிது தாழினும் கீழிருந்து உவர் பெரிதும் எழும். துலா மிதித்த காலத்தில் மனிதன் களைப்பே இறைப்புக்கு எல்லையிட்டது; இயந்திரத்துக்கோ களைப்பில்லை. இந்நிலையிற் புற்றரைக்காகக் கிணற்றை இறைத்தல் தகுமா?

"பற்றைக்காட்டையா விழா நினைவாக்குவது?" என அன்பர் சிலர் வினவுகின்றனர். கடுங்கோடையிற் பொன் சொரிந்து நிற்கும் கொன்றையை அவர் கண்டிலரோ? வெட்சித் திணையையும் நொச்சித் திணையையும் மனனஞ் செய்து பரீட்சை எழுதும் மாணவன், வெட்சியையும் நொச்சியையும் கண்ணாற் கண்டறியான். இக்குறையைச் சோலையன்றி எம்மண்டபம் தீர்க்கும்?

ஆனால், நடுதல் எளிது, காத்தலே அரிது. முன்னொருகால் வேறொரு பாடசாலையிலே பிரமுகர் பலர் பங்குனி மாதத்திற் கன்று நட்டதைக் கண்டோம். சோளகக் காற்று வீசி ஓய்ந்தபின் சென்று பார்த்தபோது பெயர்ப்பலகைகள் நின்றன, கன்றுகள் நிற்கவில்லை. வரட்சி தாங்கும் மரமும் வேரூன்றும்வரை குழந்தையே. முதல் இரு கோடைகளில் அதற்கு நீர் வார்ப்பார் வேண்டும்.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. விழா நாள் எதுவாயினும், ஐப்பசி மழை மண்ணை நனைத்த பின்னரே கன்றுகளை நடுக. கூரை நீரை வாய்க்கால் வழியே குழிகளிற் செலுத்தி நிலத்தினுள் இறக்குக. நம் முன்னோர் தோட்டத்திற் செய்தவாறு பனையோலையைத் தாழ்த்து, மேலே சருகு பரப்பி ஈரங் காக்க. ஒவ்வோர் ஆண்டு வகுப்பினரும் பத்துக் கன்றுகளை இரு கோடைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும். விடுமுறை நாட்களில் எவர் வருவார் என்பதை இன்றே எழுதி வைத்தல் நன்று. கடல் கடந்த அன்பர் பொருள் உதவுவாராக. ஊரிலுள்ளார் வாளி தூக்குவாராக.

மலரிலே பெயர் அச்சேறுவது ஒரு நாட் பெருமை. இரு கோடை கடந்து நிற்கும் மரமே நாம் கல்லூரிக்கு இறுக்கும் கடன்.